கரி படாத கைகள்

லேசர் அக்ரிலிக் பலகையை வெட்டும்போது தித்திப்பும் காரமுமாக ஒரு வாடை கிளம்பித் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், சுண்டெலிக்கு நடத்தைப் பெட்டி செய்யும் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எனக்கோ எந்த உறவும் இல்லாமலே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் கூடம் மூக்குக்குள் வந்து நிற்கும், அரக்கும் ஸ்பிரிட்டும் புகைக்கரியுமாக.

அங்கே அட்டெண்டர் பெரியவர் ஒருவர், காதில் செருகிய பாதி பீடியோடு, பித்தளை உருளையில் வழவழப்பான தாளைச் சுற்றிப் புகையும் சுடர்மேல் நிதானமாக உருட்டிக் கறுப்பேற்றுவார், 1840களில் கார்ல் லுட்விக் செய்த கைமோகிராஃபின் வாரிசான அதை நாங்கள் டிரம் என்போம், தவளையின் கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் முள் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு இழுக்கும், கோடு அழியாதிருக்கத் தாளை அரக்குக் கரைசலில் முக்கிக் கொடியில் காயப்போடுவோம். எங்களிடம் தருமுன் பெரியவர் டிரம்மை ஜன்னல் பக்கம் சாய்த்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார், கரி மெலிந்திருந்தால் ஒன்றும் பேசாமல் மறுபடி சுடருக்குக் கொண்டுபோவார்.

பின்னாளில், மூக்குப்பொடி வாசம் அடிக்கும் கிழ நூலகர் முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுத்த ஒரு தொகுதியில், நடத்தையியலாளர் ஸ்கின்னர் 1956இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன், ஹார்வர்டில் கழித்துப்போட்ட சாமான் கிடங்கிலிருந்து எடுத்த மரவட்டில் எலிக்கு இரைத்தட்டு செய்தாராம், நடுவே நீட்டியிருந்த அச்சை நறுக்காமல் விட்டுவைக்க, அதில் நூலைச் சுற்றினால் இரை விழ விழ நூல் இறங்கி வளைகோடு வரையுமென்று பிறகுதான் தோன்றிற்றாம். இரை உருண்டையும் அவரே பிடித்ததுதான், ஒரு சனிக்கிழமை அது தீர்ந்துவிடும் போலிருக்கவே, எலி நெம்புகோலை அமுக்கும்போதெல்லாம் தராமல் நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைத்தார், விட்டுவிட்டுப் பரிசு தருவது பற்றிய ஆய்வு அந்தச் சிக்கனத்தில் பிறந்தது.

கடையில் வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும் நடத்தைப் பெட்டி இப்போது ஆர்டுயினோவும் முப்பரிமாண அச்சுமாகச் சில ஆயிரங்களில் முடிகிறது, சுண்டெலியின் தலையில் பொருத்தும் சுமார் 3 கிராம் குட்டி நுண்ணோக்கியான மினிஸ்கோப்பின் வரைபடங்களைக்கூட லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் யாரும் எடுத்துக்கொள்ளலாமென்று பொதுவில் வைத்துவிட்டார்கள், நல்லதுதான், ஆனால் பையன்கள் ஃபைலை இறக்கி அப்படியே வெட்டுகிறார்கள், முன்பு வரைந்தவனின் பிழையும் கூடவே வந்துசேர்கிறது, கையில் கரி ஒட்டுவதில்லை.

மினிஸ்கோப்பின் நீல ஒளியில், ஒளிரும்படி செய்த நரம்பணுக்கள் உமிழும் பச்சை மிக மங்கல், வெளி வெளிச்சம் கசிந்தால் படம் கெட்டுவிடும். அறை விளக்கை அணைத்துப் பெட்டிக்குள் ஃபோன் டார்ச்சைப் போடச் சொன்னேன், ஒரு கண்ணை இடுக்கிக் குனிந்தேன், கீல் ஓரம் மயிரிழை வெளிச்சம். “சார், பார்ட்ஸ் லிஸ்ட்ல இதுக்கு ஒண்ணுமே போடலையே” என்றான் பையன், கறுப்பு டேப்பை நீட்டினேன்.