டயரைத் தட்டுகிறார், தாளைப் படிப்பதில்லை

ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் விடிந்ததுமே ஒட்டுக்கடைகளின் முன்னால் பழ லோரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். பசியாறி முடித்துத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த சாப்பாடு எப்போது என்று சொல்ல முடியாது. செம்பனைக் குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது தொழில் வழக்கம். அடிபட்டுக் காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். ஆக, வெட்டுகிறவர் அவசரமும் ஆலைக்காரர் அவசரமும் கடைசியில் டிரைவர் தலையில்தான் வந்து விழும்.

கம்பெனி மாறுவது அந்தக் கடைகளில் தினப் பேச்சு. அப்படி மாறக் கிளம்பிய ஒரு மூத்த டிரைவருடன் செனவாங் பக்கம் ஒரு லோரி யார்டுக்கு நானும் போனேன். அண்ணன் நேராக ஆபீசுக்குள் போகவில்லை. மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல் முதலில் லோரியைச் சுற்றி வந்தார். பின்பக்க இரட்டை டயரில் உள்டயரைத்தான் இரும்புக் கம்பியால் தட்டினார். வெளிடயர் எல்லார் கண்ணிலும் படும், ஏமாற்றுகிறவர்கள் உள்ளேதான் மொட்டை டயரை மாட்டுவார்கள் என்றார். பிறகு குனிந்து பிரேக்குக் காற்றுத் தொட்டியின் வடிகாலைத் திறந்தார். காற்றோடு எண்ணெய் கலந்த அழுக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. "இத தெறந்து மாசக்கணக்காச்சு தம்பி" என்று கையைத் துடைத்துக்கொண்டார். கடைசியாகக் கெலிண்டானைத் தனியே கூப்பிட்டு, "போன டிரைவர் ஏன் போனான்?" என்றார். தவுக்கேயிடம் அதைக் கேட்டு என்ன பயன்!

இவ்வளவும் பார்த்தவர் ஆபீசில் நீட்டிய தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"எல்லா கம்பெனிலயும் ஒரே பேப்பர்தான் தம்பி."

ஒரே பேப்பர் இல்லை. பழ லோரிக்குப் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தோடு டன் கணக்கிலோ டிரிப் கணக்கிலோ காசு சேரும். இந்த டிரிப் காசுக்குச் சம்பளச் சிலிப்பில் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயணப்படிக்குச் சட்டப்படி இபிஎஃப் கட்ட வேண்டியதில்லை என்பதால், அப்படி எழுதிவிட்டுக் கட்டாமல் விடுகிறார்கள். ஊக்கத்தொகை என்றோ கமிஷன் என்றோ எழுதினால் கட்டியாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி அடிப்படை, மேலே 2,000 வெள்ளி டிரிப் காசு என்று வைத்துக்கொள்வோம். அந்த 2,000-க்கு முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடு மாதம் 260 வெள்ளி. ஒரே ஒரு சொல்லால் வருடத்துக்கு 3,120 வெள்ளி போய்விடுகிறது. சொக்சோவிலும் இதே கதைதான். விபத்தில் கால் போனால் வரும் உதவித்தொகையும் பயணப்படியைக் கழித்த சம்பளத்தை வைத்தே கணக்காகும். உள்டயரைத் தட்டிப் பார்க்கிற மனிதர் இதைத் தட்டிப் பார்க்காததுதான் எனக்கு ஆற்றாமை.

ஏன் பார்ப்பதில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இவர்களுடைய தகப்பன்மார் தோட்டத்து லோரியை ஓட்டியவர்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பிறகு சம்பளத்தை முதலாளிமார் சங்கத்தோடு அதுவே கூட்டு ஒப்பந்தமாகப் பேசி முடித்தது. தனி ஆள் வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை. லயத்து வீடும் வேலையோடு ஒட்டியிருந்ததால் திறக்கத் துணிவும் இல்லை. இன்று பல தோட்டங்களில் பழம் ஏற்றுவது குத்தகைக்காரர் லோரிதான். மகன் எந்த நாளும் வேலையை விட்டுப் போகலாம், வீடு பறிபோகாது. ஆனால் பேரம் பேச ஒருவரும் கூட இல்லை. கேட்கும் பழக்கத்தை வீட்டில் யாரிடமிருந்து கற்றிருப்பார்?

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் காய்ப்பு குறையும், டன் கணக்குக்காரர் வருமானமும் கூடவே குறையும். அப்போது கைக்கு என்ன வரும்? பழம் பெருகும் மாதங்களில் ஆலை வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறோமே, அந்த நேரத்துக்குக் காசு உண்டா? பாரம் கூடிப்போய் ஜேபிஜே சம்மன் கொடுத்தால் யார் கட்டுவது? டன் கணக்கில் சம்பளம் என்றால் கூடுதல் ஏற்ற டிரைவருக்கே ஆசை வரும், அதை மறைக்க வேண்டியதில்லை. 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தபின் பாரத்தையும் பராமரிப்பையும் பற்றி நாடே பேசியது. பக்கத்துச் சிரம்பானின் எம்.பி. அந்தோணி லோக்தான் போக்குவரத்து அமைச்சர், ஆகவே இந்த ஒட்டுக்கடைகளில் பேச்சு இன்னும் கொஞ்சம் சூடு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து கட்டங்கட்டமாகக் கட்டாயமானது. ஆனால் இந்த லோரி இன்று ஓடாது என்று டிரைவர் சொன்னால் அன்றைய கூலியை யார் தருவது என்பதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

பார்த்தது ஒருவரை. ஒட்டுக்கடையில் அண்ணனின் பக்கத்து மேசை இளைஞர், முப்பது வயதிருக்கும். டிரிப் காசுக்கு இபிஎஃப் உண்டா என்று அவர் போனில் கேட்டதற்கு, "நீ லோரி ஓட்ட வர்றியா, யூனியன் வைக்க வர்றியா?" என்று பதில் வந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். இப்போது பகாவ் பக்கம் ஓட்டுகிறார். அங்கே டிரிப் காசு குறைவு, ஆனால் எல்லாக் காசுக்கும் இபிஎஃப் பிடிக்கிறார்கள். அண்ணனுக்கு அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. "கைக்கு வர்றதுதாண்டா சம்பளம்" என்று தே தாரிக்கை உறிஞ்சினார். இளைஞர் போனில் தன் இபிஎஃப் கணக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணன் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.