பேபி மானிட்டரும் எங்க அம்மாவும்

ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. போன ஞாயித்துக்கிழமை பரண்ல சூட்கேஸ் தேடப்போய், பழைய அட்டைப்பெட்டி ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சு. பாப்பாவோட பேபி மானிட்டர். தங்கமணி பார்த்துட்டு, "இன்னும் இதைத் தூக்கிப் போடலியா?"ன்னாங்க. போட மனசு வரலை. அதை நிறுத்தின கதை கொஞ்சம் பெருசு. இன்னைக்கு அந்தக் கொசுவத்தி தான்.

நம்ம ஊர்ல இந்த மெஷினைப் பார்க்காதவங்களுக்கு: ரெண்டு டப்பா. ஒண்ணு குழந்தை தூங்குற ரூம்ல, இன்னொண்ணு நம்ம தலைமாட்டுல. அங்க அழுதா இங்க கேட்கும். அவ்ளோ தான். இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு. 1932ல லிண்ட்பெர்க்னு பிரபலமான விமானியோட 20 மாசக் குழந்தையை மாடி ரூம்ல இருந்து கடத்திட்டுப் போயிட்டாங்க. அந்தப் பயம் ஊரெல்லாம் இருந்த காலத்துல, 1937ல ஜெனித் ரேடியோ கம்பெனி 'ரேடியோ நர்ஸ்'னு ஒண்ணு விட்டுச்சு. வடிவமைச்சது இசாமு நோகுச்சிங்கற பெரிய சிற்பி. பெரிய வீடு, குழந்தைக்குத் தனி ரூம், நடுவுல நீளமா ஒரு வராண்டா இருக்குறவங்களுக்கு அது சரி. நாக்பூர்ல நான் இருந்தது ரெண்டு பெட்ரூம் வாடகை ஃப்ளாட். இந்த ரூம்ல தும்மினா அந்த ரூம்ல "நூறாயுசு"ன்னு சொல்லலாம் :-)

டாலஸ்ல இருக்குற சித்தி மகன் 2021 டிசம்பர்ல வந்தப்போ குடுத்தான். பாப்பாவுக்கு அப்போ 10 மாசம். கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சுப் பிறந்தவ. எனக்கும் நாப்பது தாண்டியாச்சு. யார் எதைக் குடுத்தாலும் வாங்கி வெச்சுக்கற மனநிலை. அடாப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத் தான் சொருகினேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், குறைஞ்சது முதல் ஆறு மாசம் குழந்தை அப்பா அம்மா ரூம்லயே, ஆனா தனிப் படுக்கையில தூங்கணும்னு சொல்லுது. நாங்க அதையெல்லாம் படிச்சு எதுவும் பண்ணலை. ஒரு வயசு வரைக்கும் பாப்பா எங்ககூட. அப்புறம் ஏசி ஒத்துக்காம மூக்கடைப்பு வந்து, அவளே ஆச்சி பக்கத்துக்குப் போயிட்டா. எங்க அம்மாவுக்கு ஏசி ஆகாது. அவங்க ரூம்ல மின்விசிறி, வெயில் காலத்துல கூலர். அப்பா போனப்புறம் அம்பாசமுத்திரம் வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துட்டாங்க.

2022 டிசம்பர், ராத்திரி ஒரு மணி இருக்கும். "ஏல, ஓடியா!"ன்னு அம்மா போட்ட சத்தத்துல எழுந்து ஓடினேன். பாப்பாவுக்கு நல்ல காய்ச்சல். கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. அம்மா சாவிக்கொத்தை அவ கையில திணிச்சுட்டு நடுங்கிட்டு இருந்தாங்க. ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. எனக்கு அது ரெண்டு வருஷம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் பொறுமையா சொன்னார். காய்ச்சலோட வர்ற வலிப்பு, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் சில குழந்தைங்களுக்கு வரும். பார்க்கத் தான் பயங்கரம், பெரும்பாலும் பின்னாடி ஒண்ணும் பண்ணாது. ஒரு தடவை வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்குத் திரும்ப வரலாம். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, கையில இரும்பும் வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா உடனே தூக்கிட்டு வாங்க. நான் மானிட்டர் இருக்குறதைப் பெருமையா சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அன்னைக்கு ராத்திரி அது கூப்பிட்டுச்சா?"

இல்லை. அது சத்தம் ஒரு அளவைத் தாண்டினா தான் இங்க அனுப்பும். வலிப்புல குழந்தை கத்தலை. அம்மாவுக்குத் தெரிஞ்சது, அவ கால் வயித்துல உதைச்சதால. அம்மா கூப்பிட்டதும் சுவர் வழியா தான் எனக்குக் கேட்டுச்சு. அப்போ கூட அந்த டப்பாவுல பச்சை விளக்கு 'எல்லாம் சரி'ன்னு எரிஞ்சிட்டு இருந்துச்சு.

இதுக்கப்புறம் புத்தியுள்ளவன் என்ன பண்ணணும்? கழட்டி வைக்கணும். நான் சத்தத்தைப் பிடிக்குற அளவை உச்சத்துக்கு ஏத்தி வெச்சேன். அஞ்சு வயசுன்னு டாக்டர் சொன்னாரே, அதை ஃபிக்சட் டெபாசிட் மாதிரி மனசுல குறிச்சுக்கிட்டேன். முதிர்வு தேதி 2026 பிப்ரவரி. அதுக்கு முன்னாடி கணக்கை முடிக்குற பேச்சே இல்லை.

தங்கமணி நடுநடுவுல கேட்பாங்க. ரெண்டரை வயசுல பாப்பா தானே எழுந்து நடந்து வந்து எங்க கதவைத் தட்ட ஆரம்பிச்சப்போ கேட்டாங்க. "தண்ணி வேணும், ஆச்சி"ன்னு தெளிவா பேச ஆரம்பிச்சப்போ கேட்டாங்க. (தண்ணி எங்க, 'பாணி'. கீழ் வீட்டு காகூ உபயத்துல மராத்தி தான் முதல்ல வந்துச்சு.) நான் ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம்னேன்.

2024 மே. நாக்பூர் வெயிலைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், 45 டிகிரியெல்லாம் அங்க சாதாரணம். அம்மா ரூம்ல கூலர் ராத்திரி பூரா லாரி மாதிரி இரையும். அந்த இரைச்சலே அளவைத் தாண்டிடுறதால, மானிட்டர் வாயை மூடவே மூடாது. விடிய விடிய 'ஹோ'ன்னு காதுகிட்ட. அந்த இரைச்சலுக்கு நடுவுல ஒரு ராத்திரி அம்மா குரல்.

தூங்குற குழந்தைகிட்ட பேசிட்டு இருந்தாங்க. "ஏட்டி, ஊருக்குப் போவமா? ஆத்துல குளிப்பமா? இந்நேரம் தண்ணி சில்லுன்னு கெடக்கும்." கொஞ்ச நேரம் கூலர் சத்தம் மட்டும். அப்புறம், "ஒங்கப்பன்கிட்ட சொன்னா அவன் மொகம் சுண்டிப் போவும். நான் போயிட்டா ஒன்னிய யாரு பாப்பா?"

என்கிட்ட அம்மா இதை ஒரு தடவை கூட சொன்னதில்லை. "எனக்கென்னல, ராசாத்தி மாதிரி இருக்கேன்" தான். எனக்கும் அது வசதியா இருந்துச்சு. தங்கமணிக்கும் வேலை, எனக்கு வீடு வந்து சேர எட்டு மணி. அம்மா இல்லைன்னா பாப்பாவுக்கு என்ன ஏற்பாடுன்னு யோசிக்க வேண்டி வரும். அதனால நான் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் ராத்திரியும் காதை வெச்சுக் கேட்டேன். அதுக்கு அடுத்த நாளும். சில நாள் எதுவும் இருக்காது. சில நாள் அப்பா பேரைச் சொல்லி ஏதோ பேசுவாங்க. ஒரு நாள் மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும். மூணு வாரம் இப்படியே போச்சு. பிராஞ்சுல ஒரு வாடிக்கையாளரோட கணக்கு விவரத்தை அவர் மகன் வந்து கேட்டாலே எழுத்து மூலமா சம்மதம் இல்லாம குடுக்க மாட்டேன். அவ்ளோ கறார். வீட்டுல பெத்த தாயோட ராத்திரிப் பேச்சை, தலையணையில டப்பாவை வெச்சுக் கேட்டுட்டு இருந்தேன்.

தங்கமணி ஒரு நாள் எழுந்து உட்கார்ந்தாங்க. "இது பாப்பாவுக்கா, அத்தைக்கா?"

பதில் சொல்லலை.

மறுநாள் காலையில காப்பி குடிக்கும்போது சும்மா சொல்ற மாதிரி ஆரம்பிச்சேன். "எம்மா, கூலர் ஓடும்போது அந்த மெஷின்ல எல்லாமே கேக்கும்."

அம்மா டம்ளரைக் கீழ வெச்சாங்க. "நான் பேசுததுமா?"

"ம்."

வேற ஒண்ணும் கேட்கலை. அடுப்படிக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசலை. கோபமா வெட்கமான்னு எனக்குப் புரியலை. ரெண்டும் தான்னு இப்போ தோணுது.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு என் தலைமாட்டுல கீங் கீங்னு ஒரே கூவல், சிவப்பு விளக்கு. அங்க இருக்குற டப்பாவோட தொடர்பு அறுந்தா அப்படித் தான் கத்தும். ஓடினேன். பாப்பா குப்புறப் படுத்து நல்லாத் தூங்குறா. அம்மா கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க, மடியில வயரோட அந்த டப்பா.

"நான் தான் புடுங்கினேன். கத்துதா அங்கன?"

"ஆமா."

"கத்தட்டும்." கொஞ்சம் கழிச்சு, "பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் கூப்பிட மாட்டனால? அன்னைக்கு நான் தான கூப்பிட்டேன்?"

தரையில உட்கார்ந்தேன். கூலர் இரைஞ்சதுல ரெண்டு பேருமே கொஞ்சம் சத்தமா தான் பேச வேண்டியிருந்துச்சு. எவ்ளோ நாளா ஊருக்குப் போகணும்னு இருக்குன்னு கேட்டேன். "வந்த அன்னையிலருந்து"ன்னாங்க. சண்டையா இல்லை, பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி. இங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தமிழ் பேச ஆள் இல்லை, பக்கத்து வீட்டுல 'நகோ', 'பாணி' ரெண்டு வார்த்தையில எத்தனை நாள் ஓட்டுறது, அங்கன தங்கச்சி அடுத்த தெருவுல இருக்கா, வீட்டுல கரையான் அரிச்சிருக்கும்.. எல்லாம் வந்துச்சு. மூணு வாரமா எனக்குத் தெரிஞ்சது தான். ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம கேட்கறது கஷ்டமா இருந்துச்சு.

ஜூலையில தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏத்தி, நானே அம்பை வரைக்கும் போய் விட்டுட்டு வந்தேன். பாப்பாவுக்கு வீட்டுப் பக்கத்துலயே ஒரு காப்பகம் கிடைச்சுது. முதல் ஒரு வாரம் அழுதா. இப்போ வருஷத்துல நாலு மாசம் அம்மா எங்ககூட, மிச்சம் ஊர்ல.

மானிட்டரை அப்புறம் சொருகவே இல்லை. பாப்பா எங்க ரூம்ல கீழ பாய்ல படுத்துக்கிட்டா. முதல் பத்து நாள் நான் சரியாத் தூங்கலை. ராத்திரி மூணு தடவை எழுந்து அவ நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன். வலிப்பு இன்னொரு தடவை வந்துச்சு, ஆகஸ்ட்ல, பட்டப்பகல்ல, ஹால்ல. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு கடிகாரத்தைப் பார்த்தோம். ஒன்றரை நிமிஷம்.

பரண்ல கிடைச்ச பெட்டியைத் திரும்ப மேல வைக்கும்போது தங்கமணிகிட்ட மெதுவா கேட்டேன். "அம்மா அங்க தனியா இருக்காங்களே, ஹால்ல ஒரே ஒரு கேமரா மட்டும் வெச்சிரலாமா?"

அவங்க பார்த்த பார்வையில ஏணியை விட்டு இறங்கிட்டேன்.