ஏட்டில் ஒன்று, கோப்பில் இரண்டு

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; ‘கொ’வும் ‘கோ’வும் ஒரே வடிவில் நின்றன. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடம் தேர்ந்தார். கணினியில் இச்சிக்கல் தலைகீழாகியுள்ளது: ஒரே ‘கொ’ இரு விதமாகப் பதிவாகலாம்.

ஒரு நூலின் இரு எக்ஸ்எம்எல் கோப்புகளை வரிவரியாக ஒப்பிடும் கருவி, ஓர் உறுப்பின் பண்புகள் வரிசை மாறியிருப்பதையும் வேறுபாடென்றே காட்டும். அவ்வரிசைக்குப் பொருளில்லை, டபிள்யூ3சி 2001இல் வகுத்த நியம வடிவுக்கு இரண்டையும் மாற்றினால் அது மறையும்.

எழுத்து வேறுபாடு அப்படி மறையாது. யுனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியெண்ணாகவும் அமையும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அமையும். யுனிகோடு இயல்பாக்கம் அதைத் தீர்க்கும். ஆனால் ஒகரத்தை அடுத்து ளகரமிட்டுத் தட்டச்சிட்ட ‘ஒளவை’யை அதுவும் ‘ஔவை’ ஆக்காது. எல்லா ‘ஒள’வையும் கண்மூடி மாற்றினாலோ ‘ஒளி’ சிதையும்.

எனவே எதை வேறுபாடாகக் கொள்வது என்பது பதிப்பாசிரியரின் முடிவு. மின்பதிப்புக்கான டிஇஐ நெறிமுறை, அம்முடிவைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே பதிய இடம் தருகிறது. பதியாது விட்டால், அடுத்து வருபவர் தட்டச்சு வழக்கைப் பாடபேதம் என்பார். உண்மைப் பாடபேதமோ போலி வேறுபாடுகளுக்குள் மூழ்கிவிடும்.