கரண்ட் வைத்தால் வலி தீருமா?

முதுகு வலிக்கிறது என்று சொல்லாத பெண் நம் வீடுகளில் உண்டா? குடம் தூக்கினால் வலி, குனிந்து பெருக்கினால் வலி, பிள்ளை பெற்றால் வலி. கொஞ்சம் தைலத்தைத் தடவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரண வலிதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எப்போதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு வரும் முதுகு வலியை அப்படி விட்டுவிடக் கூடாது. என் அக்காவின் விஷயத்தில் நாங்கள் தெரிந்துகொண்டதை மற்றச் சகோதரிகளுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அக்காவைக் கொடுத்தது சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பக்கத்தில். 2017-ல் அவளுக்கு மார்பில் கட்டி கண்டு ஆபரேஷன் ஆயிற்று. மருந்தும் ஏற்றினார்கள். ஐந்து வருஷம் நன்றாகவே இருந்தாள். 2022 புரட்டாசியில் நடு முதுகில் ஒரு வலி ஆரம்பித்தது. பகலில் எப்படியோ ஓட்டிவிடுவாள். ராத்திரி படுத்தால்தான் அதிகம். சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள்.

"வாயுப் பிடிப்பு, நல்லா நீவி விட்டா சரியாயிடும்" என்றார்கள் தெரிந்தவர்கள். அக்கா கேட்கவில்லை. "எலும்புல வலின்னா உடனே வந்து காட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று பிடிவாதமாக நின்றாள். நல்லதாகப் போயிற்று. நோய் பரவிய முதுகெலும்பு உளுத்த மரம் மாதிரி. அழுத்தி நீவினால் நொறுங்கிவிடவும் கூடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இரண்டு முதுகெலும்புகளில் நோய் தெரிந்தது. இது புதிதாக வந்த எலும்புப் புற்றுநோய் இல்லையாம், பழைய மார்பகப் புற்றுநோயே ரத்தத்தின் வழியாக அங்கே போய்த் தங்கியிருக்கிறது. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி, இங்கெல்லாம் வரும் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது அதிகம் என்றார் டாக்டர். "இனி அடியோடு குணமாக்க முடியாது. ஆனா வலிக்குக் கரண்ட் வைக்கலாம்" என்றார்.

நம் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்கிறோம். பெயரைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு உடம்பு நடுங்குகிறது. அன்று சாயங்காலம் கூடத்தில் பெரிய விவாதமே நடந்தது. "குணமாகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு அவளைக் கொண்டுபோய் வாட்டணும்? இருக்கிற நாளை நிம்மதியா இருக்கட்டுமே" என்றாள் அக்காவின் நாத்தனார். மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "என் முதுகைப் பத்தித்தானே பேசறீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

மறுநாள் அவளே டாக்டரிடம் கேட்டாள், "இது என்னைக் காப்பாத்துமா, டாக்டர்?"

"உயிரைக் காப்பாத்தும்னு சொல்ல மாட்டேம்மா. வலியைக் குறைக்கும். கட்டி வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தினா கால் விழுந்துடும். அதை வராம தடுக்கப் பார்க்கலாம்."

"அது போதும். கடைசி வரைக்கும் என் காலால நான் பாத்ரூம் போகணும். அவ்வளவுதான்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கடலூர்க்காரர்களுக்குப் பக்கம் புதுச்சேரிதான். அங்கே ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இருக்கிறது. அக்காவை முதல் நாளே சிதம்பரத்திலிருந்து என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். காரில் பின் சீட்டில் படுக்க வைத்து, வேகத்தடை வரும்போதெல்லாம் மெதுவாகப் போகச் சொன்னோம்.

முதலில் ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே பாய வேண்டும் என்று கணக்கிட்டு, தோலில் மையினால் அடையாளம் போட்டார்கள். குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. பிறகு ஒரு பெரிய மெஷினுக்குக் கீழே ஆடாமல் படுக்க வேண்டும். அந்த அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து காமிராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கூப்பிட்டால் கேட்கும். சில நிமிஷ வேலைதான். ஷாக் அடிக்காது, சுடாது, வலிக்காது. "எக்ஸ்ரே எடுத்த மாதிரிதாண்டி இருந்தது. இதுக்கா இத்தனை பயம்!" என்றாள் வெளியே வந்து. இந்த முறையில் கதிர் உடம்பில் தங்குவதில்லை. அன்றே பேரனை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

எத்தனை தடவை வைப்பது என்பது ஆளைப் பொறுத்தது. ஒரே நாளில் 8 கிரே, அல்லது ஐந்து நாளில் 20 கிரே, அல்லது பத்து நாளில் 30 கிரே என்று கொடுப்பது வழக்கம். கிரே என்பது கதிரின் அளவு. வலியைக் குறைப்பதில் ஒரு நாள் சிகிச்சையும் பத்து நாள் சிகிச்சையும் ஏறக்குறைய சமம் என்று பல ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு தடவையோடு முடித்தவர்களில் சிலருக்குப் பிற்பாடு இன்னொரு முறை தேவைப்படலாம், அவ்வளவுதான். அலைச்சல் வேண்டாம் என்று அக்காவுக்கு ஒரே நாளில் முடித்தார்கள்.

உடனே வலி போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடினாலும் கூடும். அக்காவுக்கும் கூடிற்று. "பார்த்தியா, நான் சொன்னேனே" என்றாள் நாத்தனார். டாக்டர் முன்கூட்டியே சொல்லி மாத்திரை கொடுத்திருந்ததால் சமாளித்தோம். கொஞ்சம் வாந்தி, அசதி இருந்தது. பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு வலி குறைகிறது, அதில் சிலருக்கு அடியோடு போய்விடுகிறது. மற்றவர்களுக்குப் பலன் இல்லாமலும் போகலாம்.

அக்காவுக்குப் பன்னிரண்டாம் நாள் ராத்திரி வலி அடங்கிற்று. மல்லாந்து படுத்துத் தூங்கினாள். மாமா கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். "அவ இப்படித் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு" என்று காலையில் போனில் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அந்த மார்கழியில் திருவாதிரைக் களியை அக்காவால் கிளற முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெல்லத்தின் பதம் சொன்னாள், மருமகள் கிளறினாள். தேர் மேல வீதிக்கு வந்தபோது, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்று கும்பிட்டாள். பங்குனியில் இடுப்பெலும்பில் வலி வந்து, இன்னொரு முறை கரண்ட் வைத்தோம். 2023 சித்திரையில் காலமானாள். கடைசி நான்கு நாள் தவிர தன் காலால்தான் நடந்தாள்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரையும் உண்டு. "ஐயோ, அபின் ஆச்சே! பழகிடுமே" என்று பயப்படுகிறோம். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். நோயாளியை எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரட்டி, பிறகு உட்கார வையுங்கள். தரையில் பாயில் படுக்க வைப்பதைவிடக் கட்டில் நல்லது.

புற்றுநோய் வந்தவர்களுக்குக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கால் செயலிழந்த பிறகு போனால் மீட்பது கடினம்.

- படுத்தால், இருமினால், தும்மினால் அதிகமாகும் முதுகு வலி
- கால் தளர்ச்சி, தடுமாற்றம், மதமதப்பு
- தொடைகளின் உள்பக்கம் மரத்துப் போவது
- சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது

பண உதவியையும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கினால் சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் நோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கவும் ஏற்பாடு இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் பிறந்த எண்ணம்தான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆயிற்று. இன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே சிகிச்சை கிடைக்கிறது என்றால், அந்த மாதிரி மனிதர்கள் போட்ட பாதைதான் அது.

சகோதரிகளே, "இனிமேல் குணமாகாது" என்று டாக்டர் சொன்னால், செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. "சரி டாக்டர், வலிக்கு என்ன செய்யலாம்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், படுத்திருப்பவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். என் அக்காவைப் போல, நாம் நினைப்பதைவிட மிகச் சிறிய ஒன்றைத்தான் அவர் கேட்பார். அதைச் செய்துகொடுக்க நம்மால் முடியும்.