பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரி

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கும் சிறுநீரக ரத்தக் குழாய்க்கும் என்னடா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பெரியம்மா மகளுக்கு (எனக்கு அக்கா) 2019ல் லூபஸ் என்று சொன்னார்கள். அவளுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் அலைகிற வேலை என் தலையில் விழுந்தது. அதைப் படித்துப் படித்து, டெபிட் கிரெடிட்டை விட கிரியாட்டினின் எனக்கு நன்றாகப் புரிய ஆரம்பித்துவிட்டது! அந்த ஃபைலில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை மாற்றிவிட வேண்டாம்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் வரும் தடிப்பு ஓநாய் கடித்தது போல இருக்கிறதென்று அந்தக் காலத்தில் வைத்த பெயர். நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிற நோய் இது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள். படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் நடக்க வேண்டிய வயதில் வந்து நிற்கும். அக்காவுக்கு முதலில் மூட்டு வலி, பிறகு காலையில் எழுந்தால் கண் இமை வீக்கம், சிறுநீரில் நுரை. உடம்பு சூடு, மோர் குடி என்று சொந்தக்காரர்கள் வைத்தியம் சொன்னார்கள். நுரை என்பது புரதம் கசிகிறது என்பதன் அடையாளம் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்தால் சுமார் 300 கிராம்தான் இருக்கும். ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லிய குழாய்களின் சிறு பந்து. அதற்குள் ரத்தம் கொண்டுவர ஒரு நுண்தமனி, வெளியே கொண்டுபோக இன்னொரு நுண்தமனி. வெளியே போகிற அதே ரத்தம்தான் அடுத்து பக்கத்துத் திசுக்களுக்கும் சாப்பாடு. அதனால் வாசலில் இருக்கும் குழாய் அடைத்தால் வடிகட்டியும் பட்டினி, அதற்குப் பின்னால் இருப்பவர்களும் பட்டினி. எங்கள் தெருவில் முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராதே, அந்தக் கதைதான்.

லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினால் ஊசி போட்டுத் துளியூண்டு சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு கிளாஸ் 1 முதல் கிளாஸ் 6 வரை ஒன்றைப் போடுவார்கள். 2003ல் உருவான வகைப்பாடு இது, 2018ல் கொஞ்சம் திருத்தினார்கள். ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் பார்ப்பது இந்த நம்பரைத்தான். பெரியம்மா கூட போனில் "நாலாம் கிளாஸாம்" என்று பரீட்சை ரிசல்ட் மாதிரி சொல்லி அழுதார்கள்.

விஷயம் என்னவென்றால், இந்த ஆறு கிளாஸும் அந்த வடிகட்டிப் பந்தை மட்டும் வைத்துப் போடுவது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் எப்படி இருக்கிறது என்பது கிளாஸில் சேராது. அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2003லேயே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அது ரிப்போர்ட்டில் கீழே எங்கேயோ ஒரு வரியாக நிற்கும். கம்பெனி கணக்கு படித்தவர்களுக்கு இது பழக்கமான சமாச்சாரம். பேலன்ஸ் ஷீட்டில் லாபம் பளபளவென்று தெரியும், உண்மையான வில்லங்கம் கடைசியில் பொடி எழுத்தில் 'கணக்குகளுக்கான குறிப்புகள்' என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆடிட்டிங் சார் முதல் வகுப்பிலேயே சொன்னார், பின்னாலிருந்து படிங்கடா என்று.

அக்காவுக்கு 2019ல் கிளாஸ் 4. ஸ்டீராய்டு, மைக்கோபினோலேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் எல்லாம் கொடுத்து நுரை குறைந்தது. (2020 கொரோனா சமயத்தில் இந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு உலகமே அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? மார்ச்சில் இந்தியா ஏற்றுமதியையே நிறுத்தியது. கொரோனாவுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் தினமும் அதை நம்பி வாழ்கிற லூபஸ்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். டிமாண்ட் சப்ளை பாடத்துக்கு அதை விட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.) 2023ல் திடீரென்று பிரஷர் ஏறியது, கிரியாட்டினின் ஏறியது. ஆனால் சிறுநீரில் பழைய அளவுக்குப் புரதம் இல்லை. மறுபடி பயாப்ஸி. கிளாஸைப் பார்த்தால் முன்பை விட மோசம் இல்லை. கடைசி வரியில்தான் இருந்தது: நுண்தமனிகளில் ரத்தக் கட்டி.

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். லூபஸில் சிறுநீரகக் குழாய்கள் ஐந்து விதமாகக் கெடலாமாம். குழாய்ச் சுவரில் ஆன்டிபாடிக் குப்பை சத்தமில்லாமல் படிந்திருப்பது ஒன்று. வயதானவர்களுக்கு வருவது போலக் குழாய் தடித்துப்போவது இன்னொன்று, லூபஸில் இது இளவயதிலேயே வந்துவிடும். குழாய்ச் சுவரில் வெள்ளையணுக்கள் புகுந்து நிஜமாகவே வீங்குவது ரொம்ப அபூர்வம். வெள்ளையணுவே இல்லாமல் சுவர் அழுகி அடைத்துக்கொள்வது லூபஸ் வாஸ்குலோபதி, இது பெரும்பாலும் நோய் உக்கிரமாக இருக்கும்போது வரும்.

ஐந்தாவதுதான் அக்காவுடையது. குழாயின் உள்தோல் காயப்பட்டு, அங்கே தட்டணுக்கள் ஒட்டி, குட்டிக் குட்டியாகக் கட்டிகள். அந்த இடுக்கு வழியே போகிற சிவப்பணுக்கள் கிழிந்து துண்டாகிவிடும். ரத்தத்தை ஸ்லைடில் பார்த்தால் உடைந்த பானை ஓடு மாதிரி தெரியுமாம். ரத்தம் சரியாகப் போகாததால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிரஷரை ஏற்றும். ஏறிய பிரஷர் அதே குழாய்களை இன்னும் கெடுக்கும். வட்டி கட்டக் கடன் வாங்குகிற குடும்பம் மாதிரி.

இப்படிக் கட்டி வர ஒரு முக்கியக் காரணம் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். 1983ல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாகவே விவரித்தார். கை கால் நரம்பில் ரத்தம் உறையும், திரும்பத் திரும்பக் கரு கலையும், பக்கவாதமும் வரலாம். இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்களில் ஒன்றின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்', அதாவது ரத்தம் உறையாமல் தடுப்பது. டெஸ்ட் ட்யூபில் ரத்தம் உறைவதை அது தாமதப்படுத்தும். உடம்புக்குள் நேர் எதிர், உறைய வைக்கும். பெயர் வைத்ததை இன்னும் யாரும் மாற்றவில்லை! இந்த டெஸ்டை ஒரு தடவை எடுத்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் உறுதி. சாதாரண ஜுரம், இன்ஃபெக்ஷனில் கூட கொஞ்ச நாள் வந்து போகுமாம். அந்தப் பன்னிரண்டு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஏன் இவ்வளவு தூரம் நோண்ட வேண்டும் என்றால், மருந்து மாறுகிறது. ஸ்டீராய்டு எரிச்சலை அணைக்கும், கட்டியைக் கரைக்காது. கிளாஸ் நம்பரை மட்டும் பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டியிருந்தால் அக்காவுக்கு முகம் வீங்கியிருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும், குழாய் அடைப்பு அப்படியேதான் இருந்திருக்கும். கட்டிக்குக் காரணம் வேறு என்றால் வைத்தியமும் வேறு. சிலருக்குப் பிளாஸ்மாவையே மாற்ற வேண்டியிருக்கும், சிலருக்குக் காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையைத் தடுக்கும் மருந்து, அதன் விலையைக் கேட்டால் நமக்குப் பிரஷர் ஏறிவிடும். அக்காவுக்கு இரண்டு டெஸ்டும் பாசிட்டிவ். வார்ஃபரின் ஆரம்பித்தார்கள்.

வார்ஃபரின் மலிவான மாத்திரைதான், ஆனால் வீட்டையே ஆட்டி வைக்கும். ஐஎன்ஆர் என்ற நம்பர் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராளி. கீரையே கூடாது என்று பெரியம்மா முருங்கைக் கீரையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. டாக்டர்தான் சொன்னார், "நிறுத்த வேண்டாம்மா, வாரா வாரம் ஒரே அளவு சாப்பிடச் சொல்லுங்க, ஒரு வாரம் கட்டுக் கட்டா, அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னு இருக்கக் கூடாது." இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி. பெரியம்மா அளந்துதான் போடுவார்கள்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று வீட்டில் ஒரு கமிட்டியே போட்டிருக்கிறார்கள். லேசா வாதம்னு சொல்லிடலாம் என்கிறார் ஒரு மாமா. மைக்கோபினோலேட்டும் வார்ஃபரினும் கருவைப் பாதிக்கக் கூடியவை. குழந்தை வேண்டும் என்றால் மாதக்கணக்கில் முன்பே திட்டமிட்டு மைக்கோபினோலேட்டை அசாதியோபிரினுக்கும், வார்ஃபரினை ஹெப்பாரின் ஊசிக்கும் மாற்ற வேண்டும், நோயும் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். சரியான மேற்பார்வையில் இப்படிப் பெற்றெடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கட்டிக்கப் போகிறவனுக்கே தெரியாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

அக்காவே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். போன மாதம் வந்த ஒரு பையனிடம் தனியாகப் பேசும்போது ஃபைலையே கையில் கொடுத்துவிட்டாளாம். அவன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது எனக்குப் புரியலை, உங்க டாக்டர்கிட்ட நானும் ஒரு தடவை வரலாமா?" என்று கேட்டிருக்கிறான். அடுத்த செக்கப் 18ஆம் தேதி. ஐஎன்ஆர் போன தடவை 2.4, கிரியாட்டினின் 1.5, இரண்டு வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறது. ஃபைல் தூக்க நான் வர வேண்டாமாம்.