கழற்றி வைத்தவை

பழைய சைக்கிள் சாமான்களைச் சேர்க்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். டைனமோ, தோல் சீட், பித்தளை மணி, சைக்கிள் வரி கட்டியதற்கு நகராட்சி கொடுத்த வில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரு விலை வந்துவிட்டது. என் அலமாரியிலும் நாலைந்து இருக்கின்றன. அவற்றைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பந்தயத்துக்கு முன்னால் நாங்கள் பாரம் என்று கழற்றி எறிந்த சாமான்கள்தான் இவை.

கும்பகோணத்தில் நான் பழியாய்க் கிடந்தது ஒரு வாடகை சைக்கிள் கடையில். பஞ்சர் பார்க்கும் தொட்டியில் கறுத்துப்போன தண்ணீர், உத்தரத்தில் தொங்கும் டயர்கள், பெயரும் நேரமும் எழுதும் நாற்பது பக்க நோட்டு. கடைக்காரரை எல்லோரும் அண்ணே என்போம். வருஷம் பூராவும் வாடகைக் கணக்கில் ஐந்து பைசா விடமாட்டார். காணும் பொங்கலன்று மட்டும் பந்தயம் நடத்துவார். கடைவாசலில் கிளம்பி சுவாமிமலை போய், அங்கே ஒரு டீக்கடையில் அவர் கொடுத்து வைத்திருக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். முதல் பரிசு புது டயர். ஒன்றுதான், ஜோடி கிடையாது. இரண்டாம் பரிசு ஒரு வருஷத்துக்கு ஓசிக் காற்று.

பந்தயத்துக்கென்று தனி சைக்கிள் யாரிடமும் இல்லை. அப்பா ஆபீசுக்குப் போகும் ஹெர்குலிஸ்தான், போகிப் பண்டிகைக்குள் பந்தய சைக்கிளாக மாறியாக வேண்டும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், டைனமோ, பூட்டு எல்லாம் போய்விடும். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் குனிந்து மிதிக்க வாகாக இருக்கும். கழற்றியவற்றை அண்ணன் கோணிச்சாக்கில் போட்டு, சிகரெட் அட்டையில் பெயர் எழுதிக் கட்டித் தொங்கவிடுவார்.

பிறகு ஓவராயிலிங். பால்ஸ்களை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணி, கிரீஸ் வைத்து ஒவ்வொன்றாக அடுக்குவதற்கு அவர் எங்களை விடமாட்டார். பார்க்கலாம், தொடக் கூடாது. முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. ஏன் என்று கேட்டால், "உன் பாரம் எங்கடா இருக்கு?" என்பார். கோட்டம் எடுக்கும்போது கம்பியை விரலால் சுண்டிக் காதுகொடுத்துக் கேட்பார். சுருதி சேர்க்கிற வித்வானைப் போல இருக்கும். ராலே வந்தால் முகமே மாறிவிடும். அதன் பல்சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். அந்த நாரைகளின் கழுத்திடுக்கில் அழுக்கு இருந்தால் சொந்தக்காரனுக்குத் திட்டு விழும். பிஎஸ்ஏ முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதையும் அவர்தான் காட்டினார். 1861இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்கிறவர்கள் கூடி ஆரம்பித்த கம்பெனி அது என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

உண்மையான சண்டை ஃபிரீவீலில்தான். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், சக்கரம் 28 அங்குலம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 16 பல் போட்டால் ஆறு மீட்டருக்கு மேல். வகுப்பில் பின்னம் புரியாத நான் இதை மட்டும் மனக்கணக்காகவே போட்டேன். ஒரு வருஷம் 16தான் வேண்டுமென்று அடம்பிடித்தேன்.

"தம்பி, தை மாசத்துக் காத்து. போறப்ப கூட வரும். வர்றப்ப?"

நான் கேட்கவில்லை. சுவாமிமலை கும்பகோணத்துக்கு மேற்கே. வாடைக்காற்று முதுகில் தள்ள, பறந்தேன். சீட்டு வாங்கியவன் நான்தான் முதலில். திரும்பி ஹேண்டிலை ஊர்ப்பக்கம் வளைத்ததும் காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. பல் இரண்டு குறைந்தால் கால் என்ன பாடுபடும் என்று தொடை சொன்னது. பாதி வழியில், 18 பல்லோடு அலட்டிக்கொள்ளாமல் மிதித்து வந்த மாவுமில் பையன் என்னைத் தாண்டிப் போனான். அவன் சைக்கிளில் கேரியர்கூடக் கழற்றவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாது. நான் நாலாவதாக வந்தேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எட்டணா வாங்கிக்கொண்டு பழைய ஃபிரீவீலை மாட்டிக் கொடுத்தார். அப்பா சைக்கிளைப் பார்ப்பதற்குள் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தும் அவசரத்தில் சாக்கிலிருந்து செயின் கவரை எடுக்க மறந்துவிட்டேன். பிறகு வாங்கவும் போகவில்லை. ஓடிய ஹெர்குலிஸ் தேய்ந்து, பெண்டாகி, கடைசியில் பேரீச்சம்பழக்காரருக்குப் போனது. கடையை மூடியபோது அந்தச் சாக்கு மட்டும் அப்படியே இருந்தது. சிகரெட் அட்டையில் என் பெயர் மங்கலாகத் தெரிந்தது. இப்போது அலமாரியில் இருப்பவற்றில் அந்தச் செயின் கவரும் ஒன்று.

சேகரிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கையும் மணியையும் பாலீஷ் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முழு வண்டி கிடைத்தால் மட்டும் சுவரில் மாட்டிவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை காற்றடித்து, தெருமுனை வரைக்குமாவது மிதித்துவிட்டு வாருங்கள்.