மீதி எண்ணூறு

சாமான் எதுவானாலும் அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு உயர்ந்தது அந்தச் சாமான் என்பது என் மருமானின் சித்தாந்தம். மருமான் என்றால் என் தங்கையின் பிள்ளை. இந்தச் சித்தாந்தம் அவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஊரில் பாதி வியாபாரம் இதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் மற்றவர்கள் விஷயத்தில் அது அவரவர் சட்டைப் பையோடு நின்றுவிடுகிறது. இவன் விஷயத்தில் என் தங்கையின் வளையல் வரைக்கும் வந்துவிட்டது.

பையன் சிவில் எஞ்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறான். அவனிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. யாரோ உபயோகித்துவிட்டு விற்றது. இன்டெல் கம்பெனி 2017-இல் வெளியிட்ட ஐ5-8250யு என்ற பிராசஸர், 4 ஜி.பி. ரேம், நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிற ஹார்டு டிஸ்க். கட்டடப் படம் போடும் மென்பொருளைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒருவன் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் அது இன்னும் திறந்துகொண்டுதான் இருக்கும். ப்ராஜெக்டை ஒப்படைக்க மூன்றே வாரம். புது லேப்டாப் இல்லாமல் காரியம் நடக்காது என்று சொல்லிவிட்டான்.

தங்கை தனி ஆள். தையல்தான் ஜீவனம். “போனாப் போறது அண்ணா, வளையல் ரெண்டையும் வச்சுடறேன். அவன் படிப்புக்கு இல்லாத வளையல் எனக்கு எதுக்கு?” என்று போனில் சொன்னாள். வார்த்தைதான் ‘போனால் போகிறது’ என்றது. குரல் அப்படிச் சொல்லவில்லை.

“ரெண்டு நாள் பொறு” என்று சொல்லிவிட்டு, மருமானையும் அவன் லேப்டாப்பையும் அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய இந்தத் தெருவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: எலெக்ட்ரானிக் சாமான் விற்கிறவர்கள் கடைக்குள்ளே பாதியும் வாசலிலே பாதியுமாக உட்கார்ந்திருக்கும் தெரு அது. மாடிப்படிக்கு அடியில் ஒருவர் மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். விற்பதைவிடப் பழுது பார்ப்பதில் பிரியமுள்ள ஆசாமி என்பது பார்த்ததுமே தெரிந்தது; எதிரில் வாடிக்கைக்காரர் நின்றாலும் கையிலிருந்த ஸ்க்ரூவை முடுக்கி முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

லேப்டாப்பைத் திறந்து, பையனுடைய மென்பொருளையும் நாலைந்து இணையப் பக்கங்களையும் ஓடவிட்டு, டாஸ்க் மானேஜரைக் காட்டினார். மெமரி 95 சதவிகிதம், டிஸ்க் 100 சதவிகிதம், பிராசஸர் மட்டும் பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் சாவகாசமாக உலாத்திக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா சார், மூளை சும்மா இருக்கு. இடம்தான் பத்தலை. ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. 8 ஜி.பி. ரேம் ஒண்ணு போட்டாப் போதும். புது லேப்டாப் எதுக்கு?”

மருமான் உடனே பேச்சில் புகுந்தான். “போடறதுதான் போடறீங்க, 3,200 போடுங்க அண்ணே. இதிலே இருக்கிறது வெறும் 2,400.”

“போடலாம் தம்பி. விலையிலும் பெரிசா வித்தியாசமில்லே. ஆனா 2,400-லேதான் ஓடும்.”

பையனின் முகம் விழுந்துவிட்டது. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு ரேமிலும் ஒரு சின்னச் சில்லு ஒட்டியிருக்கிறது. அதில் அந்த ரேமின் ஜாதகம் எழுதியிருக்கிறது: இன்ன வேகம், இன்ன வோல்டேஜ், இத்தனை அளவு. லேப்டாப்பை உயிர்ப்பித்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, உள்ளே ஜாதகப் பொருத்தம் பார்க்கிறார்கள். புது ரேம் 3,200. பழைய ரேம் 2,400. பிராசஸரோ, டிடிஆர்4 ரேமோடு 2,400-க்கு மேல் பேசுவதில்லை என்று பிறவியிலேயே விதிக்கப்பட்டது. மூவருக்கும் ஒத்துவருகிற வேகம் எதுவோ அதுதான் குடும்பத்தின் வேகம். பழைய ரேமைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டையும் 3,200-ஆகப் போட்டாலும் பிராசஸர் மசியாது.

இந்த 2,400 என்பது வினாடிக்கு 240 கோடி தடவை கொடுக்கல் வாங்கல். தடவைக்கு எட்டு பைட். சாதாரணக் குடும்பத்துக்கு இது போதாதா என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

ரேமை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று இரவே ஒரு கலவரம். எதையோ இறக்கிப் பார்த்துவிட்டு, “ஏமாத்திட்டாங்க மாமா! 1,200-னுதான் காட்டுது!” என்று கூவினான். கடைக்காரருக்குப் போன் போட்டோம். அவர் சிரித்தார். கடிகாரம் ‘டிக்’ என்று ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, ஆக ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை விவரம் போகிறதாம். டிடிஆர் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறதாம். 1,200 துடிப்பு, 2,400 கொடுக்கல் வாங்கல். பையனுக்குப் பாதி சமாதானம்.

எனக்குத்தான் அதன் பிறகு தூக்கம் போயிற்று. கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு ரேம் கேட்ட கேள்விக்கு முதல் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் பார்த்தேன். சாதாரணமாக 2,400 ரேம் அதற்கு 17 துடிப்பு எடுத்துக்கொள்கிறது. அதாவது சுமார் 14 நானோ வினாடி. 3,200 ரேம் 22 துடிப்பு, அது 13.75 நானோ வினாடி. 2003 வாக்கில் பிரமாதமாக விற்ற டிடிஆர்-400 ரேம்? மூன்றே துடிப்பு, ஆனால் அந்தக் காலத்துத் துடிப்பு நீளமானது, எனவே 15 நானோ வினாடி. எண் 400-லிருந்து 3,200-க்கு ஏறிய இந்தக் காலத்தில் முதல் பதில் வருவது ஒன்றேகால் நானோ வினாடிதான் முந்தியிருக்கிறது! வாரி இறைப்பதில் எட்டு மடங்கு தாராளம். வாயைத் திறப்பதில் மட்டும் அதே நிதானம்.

காரணம் இல்லாமலில்லை. ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றைய ரேமுக்கும் அடிப்படை. ஒவ்வொரு விவரத் துளிக்கும் ஒரு குட்டிக் கெபாசிட்டர், அதற்கு வாசல்காரன் போல் ஒரு டிரான்சிஸ்டர். அந்தக் கெபாசிட்டரில் நிற்கிற மின்சாரம் துளியிலும் துளி. அதுவும் ஒழுகிக்கொண்டே இருக்கும். 64 மில்லி வினாடிக்கு ஒரு தடவை மறுபடி நிரப்பாவிட்டால் எல்லாம் மறந்துபோகும். அவ்வளவு மெல்லிய குரலில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, ‘ஆம்’ என்றதா ‘இல்லை’ என்றதா என்று தீர்மானிக்க நேரம் வேண்டாமா? அந்த 14 நானோ வினாடியில் வெளிச்சமே நாலு மீட்டர்தான் நடக்கிறது.

மறுநாள் தங்கை வந்தாள். 12 ஜி.பி. ஆகிவிட்ட லேப்டாப்பில் பையன் படம் போட்டுக்கொண்டிருந்தான். முன்போல் நடுவில் உறைந்து நிற்கவில்லை. இடம் போதாதபோது லேப்டாப் ரேமில் இருப்பதை எடுத்து ஹார்டு டிஸ்கில் வைக்கும், வேண்டியபோது திரும்ப எடுக்கும், அதில்தான் நேரம் போயிற்று என்று அவளுக்கு விளக்கினேன். ரேமிலிருந்து ஒன்றை எடுக்கிற நேரத்தை, எல்லாத் தாமதங்களையும் சேர்த்துத் தாராளமாக 100 நானோ வினாடி என்று வைத்து, அதை நம் கணக்கில் ஒரு வினாடி என்று சொன்னால், வட்டு சுழன்று முள் நகர்ந்து ஹார்டு டிஸ்கிலிருந்து எடுப்பது ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும்.

“வெட்டுற மேஜை சின்னதா இருந்தா, துணியைப் பரண்லே ஏத்தி ஏத்தி இறக்குறாப்பலே” என்றாள்.

இதைவிட நன்றாக நான் எழுதியிருக்க முடியாது.

ஆனால் மென்பொருளை முதலில் திறக்கும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. பையன் அதைச் சொல்லிக் குறைப்பட்டான். பரணிலிருந்து முதல் தடவை இறக்கித்தானே ஆக வேண்டும்? பரணை மாற்றினால்தான் அது தீரும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். அது என் செலவு, பொங்கலுக்குள் என்று சொல்லிவிட்டேன்.

“நான் மிஷினுக்கு மோட்டார் போட்டப்பவும் இப்படித்தான்” என்றாள் தங்கை. “தையல் நாலு மடங்கு வேகம். நாலு மடங்கு ரவிக்கை தைச்சுடலாம்னு ஒரே சந்தோஷம். ஹெம்மிங்கும் ஹூக்கும் கையாலேதானே? நாளைக்கு ஒண்ணோ ரெண்டோதான் கூடிச்சு.”

ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவுதான் முடுக்கினாலும், முடுக்காத பகுதி மொத்த லாபத்துக்கு வரம்பு கட்டிவிடும் என்பதை 1967-இல் அமெரிக்காவில் ஜீன் ஆம்டால் என்ற நிபுணர் எடுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அவர் பெயரால் அந்த விதியைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். என் தங்கை அதற்குக் கொடுத்த விலை ஒரு தையல் மோட்டார்.

ப்ராஜெக்ட் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. வளையல் கையில் இருக்கிறது. பெட்டியில் கிடந்த ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு அவள் மகனைக் கேட்டாள்:

“ஏண்டா, மூவாயிரத்து இருநூறுன்னு போட்டிருக்கே. இது ஓடறது ரெண்டாயிரத்து நானூறுன்னே. மீதி எண்ணூறு என்ன ஆச்சு?”

“உள்ளேயேதான் இருக்கும்மா. நான் வேலைக்குப் போய் வேறே லேப்டாப் வாங்கினா, அதிலே மாட்டினா ஓடும். ஆனா அதுக்கும் இந்த டிடிஆர்4 ஸ்லாட்டே இருக்கணும்.”

“அந்த ஸ்லாட் இருக்கான்னு கேட்டு வாங்கு” என்று சொல்லி, ரசீதை மடித்து வளையல் டப்பாவில் வைத்தாள்.